ரோமன் வெண்கலக் காசு: அரசு அடிச்சதா, அந்தக் காலத்து காப்பியான்னு பாக்குறது எப்படி

சுத்தம் பண்ணாத லேட் ரோமன் (பேரரசோட பிற்காலத்து) காசு மொத்தமா வாங்கினா, முக்கியமா பிரிட்டன் பக்கம் கிடைச்சதா இருந்தா, அந்தக் காலத்துலயே அடிச்ச காப்பி உள்ள கலந்திருக்க நல்ல சான்ஸ் இருக்கு. இதைத்தான் பார்பரியன் காப்பின்னு சொல்றாங்க, பேரைக் கேட்டதும் எல்லைக்கு வெளிய இருந்தவங்க வேலைன்னு நெனச்சுடாதீங்க, பெரும்பாலும் பேரரசுக்குள்ளயே, பிரிட்டன்லயும் இப்போ பிரான்ஸ் இருக்கிற பகுதியிலயும் (அப்போ கால்), சில்லறை தட்டுப்பாட்டுல லோக்கல் ஆளுங்க அடிச்சுக்கிட்டதுதான்.

நிறைய பேர் எடுத்ததும் சைஸ் பாக்குறாங்க, அது கடைசி. மொதல்ல எழுத்து. பத்து மடங்கு லென்ஸ் எடுத்து, லைட்டை சைடுல இருந்து அடிச்சுப் பாருங்க. பேரரசர் கான்ஸ்டான்டியஸ் 2 காலத்து குதிரைவீரன் காசுன்னா பின்பக்கம் சுத்தி 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ'ன்னு (நல்ல காலம் திரும்பிடுச்சுன்னு அர்த்தம்) லத்தீன்ல இருக்கணும். காப்பியில ஆரம்பம் ஓரளவு சரியா வந்துட்டு போகப்போக வெறும் குச்சி குச்சியா ஆயிடும், சில எழுத்து திரும்பி நிக்கும், சிலதுல எழுத்தே இல்லாம கோடு மட்டும்தான், பார்த்து வெட்டினவனுக்கு லத்தீன் தெரியாதுன்னு நல்லாவே தெரியும். தேஞ்ச ஒரிஜினல்ல எழுத்து மங்கியிருக்கும், ஆனா மிச்சம் இருக்கிறது ஒழுங்கான இடைவெளியில, சரியான வரிசையில இருக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்து படம். சிப்பாய் ஈட்டியால குத்த, எதிரி குதிரையோட சரியுறதுதான் காட்சி. காப்பியில குதிரை நாலஞ்சு கோடாயிடும், விழுறவன் கை காத்துல தனியா மிதக்கும் (எனக்கு இதுதான் ஒரிஜினலை விட ரொம்பப் பிடிக்கும்). கீழ மின்ட்மார்க் (எந்த நாணயச்சாலையில அடிச்சதுன்னு காட்டுற எழுத்து) இல்லாம இருந்தாலோ அர்த்தமில்லாம இருந்தாலோ சந்தேகம் கூடும். முன்பக்கம் ரோமா (ரோம் நகரத்தோட பெண் உருவம்) தலை இருக்கிற காசுல, பின்பக்கம் ஓநாயும் ரெட்டைக் குழந்தையும் இல்லாம ரெண்டு சிப்பாய் நின்னா அதுவும் பெரும்பாலும் காப்பிதான்.

காலம் தோராயமா மூணு அலை: கி.பி. 270கள்ல, கால் பகுதியை ஆண்ட டெட்ரிகஸ் மாதிரி கதிர்க்கிரீடம் போட்ட தலை, 340கள்ல ஓநாய், சிப்பாய் வகை, 350கள்ல குதிரைவீரன். இப்போ சைஸ் பாருங்க. 350களோட நடுவுல இருந்து அரசு அடிச்ச குதிரைவீரன் சுமார் 17, 18 மில்லிமீட்டர், காப்பி 10க்கும் கீழ கூட போகும். சில சமயம் அச்சு பெருசு, தகடு சின்னது, அதனால நடுப்பகுதி மட்டும்தான் விழுந்திருக்கும்.

ஓரத்துல வார்ப்புக் கோடு, மேல குமிழி ஓட்டை தெரிஞ்சா அடிச்ச காசு இல்ல, வார்த்தது, நவீன போலியாவும் இருக்கலாம், உஷார். கழுவ டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆசிட் பக்கம் போகாதீங்க, பச்சைப் படலத்தோட அந்தக் குச்சி எழுத்தும் போயிடும்.