ஆன்லைன் பாடமா? முதலில் ஸ்டூடியோ கட்டாதீர்கள்

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தேன். முதல்வர் நேராக மூன்றாம் மாடிக்கு அழைத்துப் போனார். புது ஸ்டூடியோ. சுவரில் ஒட்டிய ஃபோமில் பசை வாடை இன்னும் போகவில்லை. பச்சைத் திரை, இரண்டு கேமரா, டெலிப்ராம்ப்டர். "செமஸ்டர் ஆரம்பிக்கிறதுக்குள்ள அறுபது வீடியோ சார்" என்றார்.

"முதல் வாரத்துல பசங்க என்ன சார் செய்வாங்க?"

"வீடியோ பார்ப்பாங்க."

"பார்த்துட்டு?"

அவர் ஏசியைப் போட்டுக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறக்குறைய பத்து வருடம் முன்பு வேறொரு கல்லூரியில் இதே போன்ற அறையைக் கட்டச் சொல்லி நிர்வாகத்தை நச்சரித்தவன் நான்தான். மைக் இரைச்சல், வெளிச்சக் குறைவு, ஸ்லைடை அப்படியே வாசிப்பது, இவையெல்லாம் இரண்டாம் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் சொல்ல வேண்டியதில்லை. பணத்தையும் ஒரு வருடத்தையும் சத்தமில்லாமல் தின்கிற தவறுகளுக்கு வருகிறேன்.

வீடியோவிலிருந்து தொடங்குவது

சர்க்யூட் தியரிக்கு நான் எடுத்தவை 42 வீடியோக்கள், ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். மே மாதம். ஏசி ஓடினால் மைக்கில் கேட்கிறது என்று கேமராக்காரர் அணைத்துவிடுவார். கர்ச்சீப்பால் துடைத்துத் துடைத்து எடுத்தோம். பதினேழாவது வீடியோவில் ஒரு மைனஸ் குறியை விட்டுவிட்டேன் என்று தெரிந்தபோது பதினெட்டும் பத்தொன்பதும் முடிந்திருந்தன. திருத்த வேண்டுமானால் ஐம்பது நிமிடத்தையும் மறுபடி எடுக்க வேண்டும், அதுவும் அதே சட்டையில். எடுக்கவில்லை. அந்தப் பிழை இன்றும் யூடியூபில் இருக்கிறது.

அதிகம் பேர் பார்த்தது தெவனின் தேற்றம் வீடியோவைத்தான். பெருமையாகக் கீழே வந்த கமெண்டுகளைப் படித்தேன். முதலில் இருந்தது இது: "31:40ல இருந்து பாருங்க மக்களே. அதுக்கு முன்னாடி போன கிளாஸ் கதை." அதற்கு நூற்றுச் சொச்சம் லைக். பாடம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியாதது பையன்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்டர்னல் தேர்வில் 6 ஓம், 3 ஓம் இரண்டையும் இணையாகப் போட்டால் மொத்த மின்தடை எவ்வளவு என்று கேட்டிருந்தேன். விடை 2. கட்டுக்கட்டாக வந்தது 0.5. ஆறில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் சரியாகக் கூட்டிவிட்டு, கடைசியில் தலைகீழாக்க மறந்துவிடுகிறார்கள். ஸ்டூடியோ வருவதற்கு முந்தின வருடமும் அதே 0.5-தான். 42 வீடியோவில் ஒன்றுகூட அந்த மாணவனை நிறுத்தி, "எங்கே, நீ போட்டுக் காட்டு" என்று கேட்கவில்லை.

இத்துறையின் முன்னோடிகளைப் பற்றிப் பேசும்போதும் நம் ஆட்கள் வீடியோவை மட்டுமே பார்க்கிறார்கள். கான் அகாடமி என்ற இலவச ஆன்லைன் பாடத் தளத்தைத் தொடங்கிய சல்மான் கான் 2004-இல் பாஸ்டனில் இருந்துகொண்டு, நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரப் பெண் நாடியாவுக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்ற உறவுக்காரப் பிள்ளைகளும் சேரவே, பயிற்சிக் கணக்குகளை உருவாக்கித் தரும் ஒரு மென்பொருளை எழுதினார். யூடியூபுக்கு அவர் வந்தது 2006-இல், அதுவும் ஒரு நண்பர் சொல்லித்தான். கணக்கு முதலில், வீடியோ பிறகு. கான் அகாடமி மாதிரி செய்கிறோம் என்று என்னிடம் வருகிற யாரும் இந்த வரிசையைச் சொல்வதில்லை.

எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் முதல் பாடம் என் பாடமேதான்: 2012-இல் எம்ஐடியின் சர்க்யூட்ஸ் அண்ட் எலக்ட்ரானிக்ஸ், அனந்த் அகர்வால் நடத்தியது. பதிவு செய்தவர்கள் 1,54,763. சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157. "பார்த்தீர்களா, ஐந்து சதவீதம்கூட இல்லை" என்று மேற்கோள் காட்டுவார்கள். நான் அங்கே பார்த்து வாயைப் பிளந்தது வேறு: பிரவுசரிலேயே சர்க்யூட் வரைந்து ஓட்டிப் பார்க்க ஒரு ஆய்வகம், தானாகத் திருத்தும் வீட்டுப்பாடம், இரண்டு வீடியோத் துண்டுகளுக்கு நடுவே ஒரு கேள்வி. ஸ்டூடியோப் பளபளப்பு கிடையாது. டேப்லெட்டில் கையால் எழுதிய பாடம்.

அப்புறம் 2014-இல் ஃபிலிப் குவோவும் சகாக்களும் எட்எக்ஸில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதன் பதிவுகளை அலசினார்கள். ஆறு நிமிடத்துக்குள் இருக்கும் வீடியோக்களில்தான் மாணவர்கள் நிலைத்தார்கள். உடனே நம் கல்லூரிகள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டன. ஐம்பது நிமிடத்தை ஒன்பதாக வெட்டினால் முடிந்தது வேலை! அதே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வகுப்பில் எடுத்த பாடத்தைப் பின்னால் துண்டு போட்டால் அது அவ்வளவாக எடுபடுவதில்லை. செலவழித்து எடுத்த ஸ்டூடியோ வீடியோவைவிட மேஜையில் உட்கார்ந்து பேசுவது போன்றதே மாணவரை அதிகம் பிடித்து வைத்திருக்கக்கூடும். இந்தப் பக்கத்தை மட்டும் யாரும் பிரின்ட் எடுப்பதில்லை.

நம் ஊருக்கு வாருங்கள். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் திட்டம் பல வருடம் பாடங்களை ஏற்றிவைக்கும் இடமாகவே இருந்தது. 2014-இல் சான்றிதழ்ப் படிப்புகள் வந்தன: வாரா வாரம் அசைன்மென்ட், அதற்குக் கெடு, கடைசியில் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு. கெடு நாள் ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் நடந்து பாருங்கள். டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து வைத்து, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, அசைன்மென்டின் ஏழாவது கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருப்பான் ஒருவன். ஆனால் தேடுகிறான். என் 42 வீடியோக்களில் எதையும் யாரும் அப்படித் தேடியதில்லை.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். ஒரு வாரப் பாடத்துக்கு முதலில் எட்டுக் கேள்வி எழுதுவேன். தவறான விடைகளைக் கற்பனையில் எழுதுவதில்லை. பழைய விடைத்தாள் கட்டிலிருந்து எடுப்பேன். 0.5 அங்கிருந்துதான் வருகிறது. அதை யாராவது அழுத்தினால் நாலு நிமிட வீடியோ ஒன்று திறக்கும்: வெள்ளைத்தாள், பேனா, மேலே ஸ்டாண்டில் போன். தப்பு வந்தால் அந்த நாலு நிமிடத்தை மட்டும் சாப்பாட்டு இடைவேளையில் திரும்ப எடுத்துவிடுகிறேன். சட்டை எதுவாக இருந்தாலும் சரி, கைதான் தெரியும்.

பதிவு எண்ணிக்கைக்குக் கேக் வெட்டுவது

2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் பதிவு செய்தார்கள். அந்த உற்சாகத்தில், அதை நடத்தியவர்களில் ஒருவரான செபாஸ்டியன் த்ரன் யுடாசிட்டி என்ற ஆன்லைன் பாட நிறுவனத்தைத் தொடங்கினார். 2013-இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணிதப் பாடங்களை நடத்தியபோது, தேர்ச்சி வகுப்பறையைவிடக் குறைந்தது. சில மாதங்களிலேயே திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். தானாகத் தேடி வந்து படிப்பவன் வேறு, ஏற்கெனவே கணக்கில் தடுமாறி வந்தவன் வேறு. உங்கள் கல்லூரியில் எவன் அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

விலை உயர்ந்த தளம் வாங்குவது

மூடில் என்ற பாடத்தள மென்பொருள் 2002-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதில் செய்ய முடியாத எதை விற்பனையாளர் செய்து காட்டினார்?

தமிழைக் கடைசியில் ஒட்டுவது

பத்தாம் வகுப்பு வரை 'மின்தடை' என்று படித்த பிள்ளைக்கு, முதல் வருடத்தில் திடீரென்று அது 'ரெசிஸ்டன்ஸ்' ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்று என்று சொல்ல ஆள் இல்லை. மொத்தப் பாடத்தையும் மொழிபெயர்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று காத்திருக்காதீர்கள். கேள்வியில் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அரை நிமிட வேலை.

கலந்துரையாடல் பக்கம் திறந்தால் பேசுவார்கள் என்று நம்புவது

வாட்ஸ்அப்பில் பேசுவார்கள். அந்தக் குழுவில் நீங்கள் இல்லை.

ஏஐ ஆசிரியர்

இந்த வருடத்து ஸ்டூடியோ.

முதலில் சொன்ன அந்தக் கல்லூரியின் இளம் விரிவுரையாளர் ஒருவர் நேற்று ராத்திரி முதல் வாரத்துக்கு மூன்று கேள்விகள் அனுப்பியிருந்தார். இரண்டு அருமை. மூன்றாவது "ஓம் விதியை வரையறுக்க". "இதுக்குத் தப்பு விடையா எதை எழுதியிருந்தாங்க மேடம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். "யாரும் தப்பா எழுதல சார், எல்லாரும் மனப்பாடம்" என்று பதில் வந்தது. அந்தக் கேள்வியை நீக்கிவிட்டார். ஸ்டூடியோவில் இப்போது அட்மிஷன் விளம்பரம் எடுக்கிறார்களாம்.