கிறிஸ்துமஸ் ராத்திரி கையில் கொடுக்க ஒரு பைசாந்திய வெள்ளிக்காசு

கொங்கு நாட்டில் பழங்காசு சேர்க்கிறேன் என்று சொன்னால் எல்லாருக்கும் உடனே நினைவுக்கு வருவது கரூர் அமராவதி ஆற்று மணலும், வெள்ளலூர், பொள்ளாச்சிப் பக்கம் பூமிக்குள்ளிருந்து கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளும்தான். அந்தக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் முகங்களை நிறையப் பார்க்கலாம். நான் சொல்லப்போவது அதே ரோமப் பேரரசின் கிழக்குப் பாதி, பைசாந்தியம் என்கிறார்களே, அதன் கடைசி வெள்ளி. தலைநகரான கான்ஸ்டான்டினோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல், 1453 மே 29-ல் துருக்கியரிடம் விழும்வரை அங்கே அடித்த காசு. இது நம் ஆற்றுச் சரக்கு கிடையாது. யாராவது "அமராவதியில எடுத்ததுங்க" என்று இதை நீட்டினால் வாங்காதீர்கள். உண்மையிலேயே மண்ணுக்குள் ஏதாவது கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? மூன்று வகை தெரிந்தால் போதும். முதலாவது பசிலிகான். 1304 வாக்கில் பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிகோஸ் வெனிஸ் நகரத்து வெள்ளிக்காசைப் பார்த்து அடித்தது, மெல்லிசாக 2.2 கிராம் அளவில் இருக்கும், ஒரு பக்கம் அரியணையில் கிறிஸ்து, மறுபக்கம் அப்பாவும் மகன் ஒன்பதாம் மைக்கேலும் நடுவில் ஒரு சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டாவது ஸ்டாவ்ராட்டன். 1350-களில் தங்கம் அடிப்பதையே நிறுத்திவிட்ட பிறகு, 1367 வாக்கில் ஐந்தாம் ஜான் காலத்தில் வந்த கனமான காசு, தொடக்கத்தில் எட்டரை கிராம், போகப்போக ஏழு கிராமுக்குத் தேய்ந்தது. இதில் பாதியும் உண்டு, எட்டில் ஒரு பங்கும் உண்டு. எட்டில் ஒரு பங்கு ஒரு கிராம் பக்கம்தான் வரும், நுனிவிரலில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது கருங்கடல் கரையில் தனியாக ஆண்ட ட்ரெபிசோந்து அரசர்களின் ஆஸ்பர். தொடக்கத்தில் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு, அந்த ஊர்க் காவல் புனிதர் யூஜீனியோஸ் ஒரு பக்கம், அரசர் மறுபக்கம். பிந்தைய ஆஸ்பர்களில் இரண்டு பேருமே குதிரைமேல் வருவார்கள். கருப்பராயன் கோயில் மண்குதிரை பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் காசைக் கொடுத்தால் கீழே வைக்கவே மாட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு என்றால் என் ஓட்டு பேரரசர் இரண்டாம் மானுவேலின் காசுக்குத்தான், பாதி ஸ்டாவ்ராட்டனாக இருந்தால் இன்னும் நல்லது. காரணம் இருக்கிறது. 1394 முதல் துருக்கியச் சுல்தான் பயாசித் கான்ஸ்டான்டினோபிளை வளைத்துக்கொண்டிருந்தபோது, 1399 கடைசியில் மானுவேல் தானே கப்பலேறி மேற்கு நாடுகளுக்கு உதவி கேட்கப் போனார். 1400-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் லண்டன் பக்கத்து எல்தம் அரண்மனையில், இங்கிலாந்து ராஜா நான்காம் ஹென்றியின் விருந்தாளியாக. ரோமப் பேரரசர் என்ற பட்டத்தோடு, ஊரை எதிரி சுற்றியிருக்க, வேற்று ராஜா வீட்டில் பண்டிகைச் சாப்பாடு. பெரிய படை எதுவும் வரவில்லை. 1402-ல் அங்காராவில், மத்திய ஆசியாவிலிருந்து படையெடுத்து வந்த தைமூர் பயாசித்தைத் தோற்கடித்ததால்தான் நகரத்துக்கு இன்னும் ஐம்பது வருடம் ஆயுள் கிடைத்தது. இந்தக் கதையை அவர் காசைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் கேட்கிறவர்கள் அசையாமல் கேட்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். கடைசி அரசர் பதினொன்றாம் கான்ஸ்டன்டைனின் காசுக்கு இப்போதைக்கு ஆசைப்பட வேண்டாம், 1970-கள் வரை அப்படி ஒரு காசு இருப்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. விலை நம் கைக்கு எட்டாது.

வாங்குமுன் எடை போடுங்கள். மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று போதும். சேலத்துக் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு வெள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும், ஆனால் காசை யாரிடம் கொடுத்தாலும் உரைகல்லில் இழுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்த ஒரு நாள், ஒருவர் நல்லெண்ணத்தில் இழுத்துவிட்டார், அந்தக் கோடு என் ஆஸ்பரின் ஓரத்தில் இன்றைக்கும் இருக்கிறது. உரசாமல் பார்க்க வழி இது: தராசில் அது தாங்குகிற எடைக்குள் ஒரு சின்னக் கப்பில் தண்ணீர் வைத்து அளவைச் சுழியாக்குங்கள், காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுதாக முங்கவிடுங்கள், தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். ஏழு கிராம் காசுக்கு 0.67 அல்லது 0.68 காட்டினால் விடை பத்தரையை ஒட்டி வரும், அது நல்ல வெள்ளி. ஒன்பது பக்கம் வந்தால் செம்புக் கலப்பு அதிகம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு கிராமுக்குக் குறைந்த காசுக்கு இந்தக் கணக்கு சரியாக நிற்காது.

வெள்ளி நல்லதாக இருப்பதாலேயே காசு நிஜமாகிவிடாது. பூதக்கண்ணாடியில் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். வார்த்துச் செய்த போலியில் குட்டிக்குட்டிக் குமிழ்ப் பள்ளமும், ஓரத்தில் அராவிய கோடும் தெரியும். இவை சுத்தியால் கையடியாக அடித்த காசுகள், ஒன்றுபோல் இன்னொன்று அமையாது, அதனால் அச்சு விலகின இடம், விரிசல், வெட்டு எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போகிற இரட்டைக் காசு எங்கேயாவது கண்ணில் பட்டால் ஒன்றாவது போலி என்று வையுங்கள். ஏல நிறுவனங்களின் பழைய படங்களையும், வாஷிங்டன் டம்பார்ட்டன் ஓக்ஸ் சேகரிப்பின் படங்களையும் இணையத்தில் பொறுமையாகப் பார்ப்பதுதான் இதற்குப் பயிற்சி. எழுத்து பாதி விழாமல் இருந்தால் பயப்படாதீர்கள், அந்தக் காலத்து அடியே அப்படி. கிறிஸ்துவின் இருபுறமும் ஐ ஸி, எக்ஸ் ஸி போலத் தெரிகிற எழுத்துகள் இயேசு கிறிஸ்து என்பதன் கிரேக்கச் சுருக்கம், அதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கு விடுங்கள்.

பில் வாங்கி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் சுங்கத்தில் என்ன ஆகும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இன்னொன்று, நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை இங்கிருந்து வெளியே அனுப்பத் தனிப்பட்டவர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. துபாயில் இருக்கிற தம்பிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தபாலில் போடலாம் என்ற நினைப்பே வேண்டாம், அவன் ஊருக்கு வரும்போது கையில் வைத்துப் பார்க்கட்டும்.

திருநீறு, புளி, பல்பொடி எதுவும் போட்டுத் துலக்கக் கூடாது. குத்துவிளக்கு வேறு, இது வேறு. அந்தக் கருமை இருந்தால்தான் முகம் தெளிவாகத் தெரியும், துலக்கினால் விலையும் விழும். பழைய பிளாஸ்டிக் பர்ஸ் உறைகள் நாளாவட்டத்தில் பச்சையாகக் கசியும், ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, அது வெள்ளியைக் கறுப்பாக்கும். காசுக்கென்று விற்கிற உறையும், ஐப்பசி மழைக்கு ஒரு சிலிக்கா பொட்டலமும் போதும்.

இனி அந்த ராத்திரி. கருமத்தம்பட்டியில் எங்கள் அம்மாயி வீட்டில் நடுராத்திரித் திருப்பலி முடிந்து வந்ததும் குடிலுக்கு முன்னால் பவானி ஜமக்காளம் விரிப்போம், நடுவில் மடித்த சென்னிமலைத் துண்டு. அது அழகுக்கு இல்லை, பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கலாக இருக்கும், சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டாகப் போய்விடும். கச்சாயமும் முறுக்கும் தின்ற கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் காசு வெளியே வரும். ஓரத்தை இரண்டு விரலால் பிடிக்கச் சொல்லிக் கொடுத்து, துண்டுக்கு மேலேயே கை மாற்ற வேண்டும். ஒரு ராத்திரிக்கு மூன்று காசுக்கு மேல் காட்டாதீர்கள், அதிகமானால் ஒன்றும் மனசில் நிற்காது. முதலில் வீட்டில் மூத்தவர் கையில் கொடுங்கள். போன வருடம் அம்மாயி அந்தப் பாதி ஸ்டாவ்ராட்டனை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதக் கடைசியா ஆரு செலவு பண்ணிருப்பா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு விடியும்வரை பேச்சு அதைச் சுற்றியேதான்.

ஒரு காசைப் பிள்ளைக்கே கொடுத்துவிடுவதானால் தேய்ந்த எட்டில் ஒரு பங்கைக் கொடுங்கள். கூடவே ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: எந்த அரசர், என்ன எடை, எங்கே எப்போது வாங்கியது. சீட்டின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டு, அன்றைக்கு அந்தக் காசைக் கையில் வாங்கிப் பார்த்த எல்லாரையும் வரிசையாகப் பெயர் எழுதச் சொல்லுங்கள். எங்கள் சீட்டில் முதல் பெயர் அம்மாயியுடையது, பென்சிலில், கொஞ்சம் கோணலாக.