சொற்பொழிவைத் தள்ளிவைத்து வாக்குப் பட்டியலைப் படியுங்கள்: பழைய அமெரிக்கக் கட்சி மாநாடுகளை அறிய ஒரு வழி

அமெரிக்கக் கட்சி மாநாடுகளில் மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடி, தேவையான எண்ணிக்கை ஒருவருக்குக் கிடைக்கும்வரை சுற்றுச் சுற்றாக வாக்களித்து அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவற்றின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் சொற்பொழிவுகளில் சிக்கிக்கொள்வார்கள். 1896இல் சிகாகோவில் பிரையன் 'தங்கச் சிலுவை' என்று முழங்கினார், மறுநாளே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். சுவையான கதைதான். ஆனால் ஒருவர் ஏன் வென்றார், இன்னொருவர் ஏன் தோற்றார் என்பதற்கு விடை பெரும்பாலும் யாரும் புரட்டாத பக்கங்களில் இருக்கிறது. கட்சிகளே வெளியிட்ட நடவடிக்கைக் குறிப்புகளில் மாநிலவாரியான வாக்குப் பட்டியல்கள் உண்டு. பழைய தொகுதிகள் பல இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாளும் பென்சிலும் வேண்டும். கணினியில் அட்டவணை போடுகிறவர்களைத் தடுக்கமாட்டேன், ஆனால் கையால் எழுதும்போதுதான் எந்த மாநிலம் நழுவுகிறது என்பது கண்ணில் படும்.

பழகுவதற்கு 1860, குடியரசுக் கட்சி, சிகாகோ. மூன்றே சுற்று. தாளின் தலையில் முதலில் எழுத வேண்டியது வேட்பாளர்களின் பெயர்களை அல்ல, வெற்றிக்குத் தேவையான எண்ணை: 233. பிறகு சுற்றுகளை இறக்குங்கள். முதல் சுற்றில் சீவர்டு 173½, லிங்கன் 102. அரை வாக்கைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். வாக்குகளைவிட அதிகமான ஆட்களை அனுப்பிய மாநிலங்கள் ஒரு வாக்கை இருவருக்குப் பிரித்துக் கொடுத்தன. இரண்டாம் சுற்றில் சீவர்டு 184½, லிங்கன் 181. இங்கே நிறுத்தி, யார் எவ்வளவு பெற்றார் என்பதை விட்டுவிட்டு, யார் எவ்வளவு கூடினார் என்று பாருங்கள். சீவர்டுக்கு 11 கூடியது, லிங்கனுக்கு 79. பெரும்பகுதி பென்சில்வேனியாவிலிருந்து வந்தது. மூன்றாம் சுற்று முடிவில் லிங்கன் 231½. ஒன்றரை வாக்கு குறை. அந்த நேரத்தில் ஒஹாயோவின் பிரதிநிதி டேவிட் கார்ட்டர் எழுந்து நான்கு வாக்குகளை லிங்கனுக்கு மாற்றினார். முடிவு அறிவிக்கப்படும் முன் வாக்கை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், இறுதி எண்ணை மட்டும் பார்க்கிறவர் ஏமாந்துபோவார். மாற்றத்துக்கு முந்தைய எண்ணைத் தனி நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள்.

இது கைவந்துவிட்டால் 1844க்குப் போகலாம். பால்டிமோரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் முதல் சுற்றிலேயே முன்னாள் அதிபர் வான் பியூரனுக்கு 266இல் 146. பெரும்பான்மை. ஆனாலும் தோற்றார், ஒன்பதாம் சுற்றில் போல்க் வேட்பாளர். போல்க்குக்கு ஏழாம் சுற்றுவரை ஒரு வாக்குகூட விழவில்லை! காரணம் தேடி முதல் சுற்றைத் துருவிப் பயனில்லை, அதற்கும் முன்னே போங்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதியை மாநாடு 148க்கு 118 என்று ஏற்றுக்கொண்டிருந்தது. இந்தப் பட்டியலையும் முதல் சுற்றுப் பட்டியலையும் அருகருகே வைத்து மாநிலம் மாநிலமாக ஒப்பிடுங்கள். வான் பியூரனுக்கே வாக்களிக்க வேண்டும் என்று கட்டளையோடு வந்த பிரதிநிதிகள் சிலர், அவரைக் கவிழ்க்கும் விதிக்கும் கைதூக்கியிருப்பார்கள். கட்டளையையும் மீறவில்லை, காரியத்தையும் முடித்துவிட்டார்கள். இந்த ஒப்பீட்டைத்தான் நான் எந்த மாநாட்டிலும் முதலில் செய்வேன்.

1912, குடியரசுக் கட்சி: மாநாட்டின் தற்காலிகத் தலைவராக, அதிபர் டாஃப்டின் தரப்பைச் சேர்ந்த எலிஹு ரூட் 558 வாக்குகளோடு தேர்வானதுமே, டாஃப்டை எதிர்த்து நின்ற முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் கதை முடிந்தது. தகராறில் இருந்த 254 இடங்களில் 235 டாஃப்டின் ஆட்களுக்குப் போயின. மற்றதெல்லாம் சம்பிரதாயம்.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பழியையும் மூன்றில் இரண்டு விதியின் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. 1924இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி 103 சுற்றுகள் வாக்கெடுத்துச் சலித்து, டேவிஸ் என்ற மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தது. முன்னணியில் இருந்த மக்காடூவை அந்த விதிதான் கெடுத்தது என்பார்கள். பட்டியலைப் பாருங்கள்: மொத்தம் 1098 வாக்குகள், மக்காடூவின் உச்சம் 530. பாதிகூட இல்லை. கட்சியே இரண்டாகப் பிளந்து கிடந்தது. கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைப் பெயர் சொல்லிக் கண்டிக்கலாமா என்ற வாக்கெடுப்பு ஏறத்தாழ ஒரே ஒரு வாக்கில் தோற்றதை எடுத்துப் பாருங்கள், பிறகு நூற்றிச் சொச்சம் சுற்றையும் படிக்க வேண்டிய அவசியம் இருக்காது. நான் படித்தேன், பரிந்துரைக்கமாட்டேன். அந்த விதியை 1936இல் கட்சி நீக்கியது.

ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று தேவைப்பட்ட கடைசி மாநாடு 1952இல் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்த ஜனநாயகக் கட்சி மாநாடு. 1968இல் முதனிலைத் தேர்தல் (கட்சி வேட்பாளர் யார் என்று மாநிலங்களில் வாக்காளர்களே வாக்களிக்கும் தேர்தல்) எதிலும் போட்டியிடாமலேயே ஹம்ஃப்ரி அதே கட்சியின் வேட்பாளரானார். அந்தக் கொந்தளிப்புக்குப் பின் விதிகள் மாறி, முதனிலைத் தேர்தல்களே முடிவைத் தீர்மானிக்கத் தொடங்கின. ஆகவே 1972க்குப் பிந்தைய மாநாடு என்றால் வேட்பாளர் வாக்கெடுப்பைத் தேடிப் போகாதீர்கள். விதிகள் மீது ஏதாவது மோதல் நடந்ததா என்று மட்டும் தேடுங்கள். இரண்டு சிக்கும். 1976இல் கான்சாஸ் சிட்டியில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில், துணை அதிபர் வேட்பாளரை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று ரீகன் தரப்பு கொண்டுவந்த விதி 1180க்கு 1069 என்று தோற்றது. மறுநாள் இரவு வேட்பாளர் வாக்கெடுப்பில் அதிபர் ஃபோர்டு 1187, ரீகன் 1070. 1980இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், முதனிலைத் தேர்தல் முடிவின்படியே வாக்களிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்து பிரதிநிதிகளை விடுவிக்கக் கேட்ட எட்வர்டு கென்னடி தரப்பு 1390.58 வாக்குகளே பெற்றது, எதிராக 1936.42. கென்னடி அன்றிரவே விலகிவிட்டார். அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கான வாக்கெடுப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டாலும் ஒன்றும் குறையாது.