வேலை செய்துகொண்டே படிக்க வருபவர்கள் பண உதவியில் விடும் தவறுகள்

கொழும்பில் பாடநெறிகளுக்கு விண்ணப்பம் கோரும் காலம் வந்தாலே மனம் பதைக்கிறது. கடையிலோ கார்மெண்டிலோ வேலை செய்துகொண்டு, முப்பது நாற்பது வயதில் துணிந்து படிக்க வருபவர்கள், முன்னே வந்தவர்கள் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள். கையொப்பம் இட மறப்பது, கடைசித் திகதியைத் தவறவிடுவது பற்றியெல்லாம் சொல்லத் தேவையில்லை. கவனமானவர்களும் ஏமாறும் இடங்கள் வேறு.

விலைக்கழிவைப் புலமைப்பரிசில் என்று நம்பிக் கையெழுத்து வைப்பது

குடும்பத்தையே கடனில் தள்ளும் தவறு இது. "50% புலமைப்பரிசில், இந்த வாரம் மட்டும்" என்று தனியார் நிறுவனங்கள் விளம்பரம் போடுகின்றன. உங்கள் வருமானத்தையும் கேட்கவில்லை, பெறுபேற்றையும் பார்க்கவில்லை, வருகிற எல்லோருக்கும் கொடுக்கிறார்கள் என்றால் அது வெறும் விலைக்கழிவு. மீதிப் பாதி முழுவதும் உங்கள் தலையில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணம் 300,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பாதி கழிந்து 150,000. முற்பணம் 30,000 கட்டினால், மிகுதி மாதம் 10,000 வீதம் 12 தவணை. மாதம் 45,000 உழைப்பவருக்கு எட்டிப்பிடிக்கலாம் போலத்தான் தெரியும். ஆனால் பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்துவது எல்லாம் பெரும்பாலும் கழிவுக்குள் அடங்காது. வெளிநாட்டுக் கட்டணத்தைப் பவுணிலோ டொலரிலோ கேட்பார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாவில் சம்பளம் வாங்குபவர் அந்த ஏற்றத்தை எங்கிருந்து ஈடுகட்டுவார்?

ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில் இருப்பதைக் கட்டாயம் வாசியுங்கள். இடையில் விலகினால் கட்டிய பணம் திரும்பாது, எஞ்சிய தவணைகளும் செலுத்தவேண்டும், கொடுத்த கழிவும் ரத்தாகும் என்று அங்கேதான் எழுதியிருக்கும். அதில் பிணையாளியாகக் கையெழுத்திட்டது உங்கள் அண்ணன் என்றால், தவணை தவறும்போது அவரையும் தேடி வருவார்கள். முழுச் செலவையும் ஒரே தாளில், எந்த நாணயத்தில் என்பதோடு, நிறுவன முத்திரையுடன் எழுதித் தரச்சொல்லுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. விளம்பர மூலையில் இருக்கும் அரச பதிவு இலக்கம் நிறுவனத்துக்குரியது. பாடநெறிக்கான அங்கீகாரம் தனி. பதிவுபெற்ற நிறுவனத்திலேயே அங்கீகாரமில்லாத பாடநெறியும் நடக்கும்; அதை முடித்தால் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்காது. நாரஹேன்பிட்டியில் இருக்கும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாடநெறியின் பெயரையும் மட்டத்தையும் தேடிப் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

தெரிந்த தொழிலுக்கே காசு கட்டிப் படிப்பது

பத்து வருடம் வயரிங் செய்தவர் முதலாம் பாடத்திலிருந்து தொடங்கவேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், ஆர்.பி.எல். என்பார்கள், நேரடியாக மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். ராஜகிரியவில் உள்ள அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் விசாரியுங்கள். வேலை கொடுத்தவரின் கடிதம், செய்த வேலையின் படங்கள் போன்ற சான்றுகளை இப்போதே சேர்த்து வையுங்கள். பழைய முதலாளி கடையை மூடிவிட்டால் பிறகு அலையவேண்டி வரும்.

வருமானச் சான்றிதழை போர்டிங் விலாசத்தில் கேட்பது

வெள்ளவத்தையில் தங்கியிருந்து, வாக்காளர் இடாப்பில் பெயர் ஹட்டனில் இருந்தால், வெள்ளவத்தைக் கிராம சேவகர் உங்களை உறுதிப்படுத்தத் தயங்குவார். ஊருக்குப் போய், கிராம சேவகரிடம் வாங்கி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற்று வருவதற்குள் விண்ணப்பம் மூடிவிடும். கிராம சேவகர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை; மக்களைச் சந்திக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். திருமணமானவர் துணையின் வருமானத்தையும் காட்டவேண்டியிருக்கும். தகப்பனின் சம்பளச் சிட்டையை மட்டும் இணைத்துத் திரும்பி வந்த விண்ணப்பங்கள் ஏராளம். அஸ்வெசும என்னும் அரச நலன்புரி உதவி பெறும் குடும்பமானால் அதன் ஆதாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

மகாபொலவை நம்பியிருப்பது

பல்கலைக்கழக மாணவருக்கு அரசு தரும் மகாபொலப் புலமைப்பரிசில் வெளிவாரிப் பட்டத்துக்குக் கிடையாது. நாவலயில் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்பவர் அங்குள்ள நிதி உதவியைத் தனியாகக் கேட்கவேண்டும்.

முழுநேரம், பகுதிநேரம் பார்க்காமல் சேர்வது

மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற அரச கல்லூரிகளில் முழுநேரப் பாடநெறி இலவசம். பகுதிநேரத்துக்குக் கட்டணம் உண்டு. வார இறுதி வகுப்பும் இலவசம் என்று எண்ணி வந்து, அலுவலக யன்னலில் நின்று காசுக்குத் தவிப்பவர்கள் பாவம்.

உதவி உறுதியாகும் முன் வேலையை விடுவது

கடிதம் கைக்கு வரட்டும்.

வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர்

உதவித்தொகை அனுமதியான பிறகும் கணக்குக்கு வராமல் நிற்பது இதனால்தான். பிறப்புச் சான்றிதழிலும் வங்கிப் புத்தகத்திலும் "லெட்சுமி", அடையாள அட்டையில் "லக்ஷ்மி" என்றால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். மூலப் பிரதியை வீட்டில் வைத்து, உறுதிப்படுத்திய பிரதிகளை மட்டும் கொடுங்கள். வங்கியும் அதே கடதாசியைக் கேட்கும்.