திருவனந்தபுரம் – துபாய்: நேரக் கணக்கில் கோட்டை விடும் இடங்கள்

பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவருக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்திலிருந்து முதன்முறையாக கல்ஃப் போகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள் வேறு.

தூரத்தை வகுத்ததோடு விடுவது

வான்வழித் தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர். மணிக்கு 850 என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதைவரை உருள, மேலே ஏற, இறங்க முறை வரும்வரை வட்டமடிக்க என்று இன்னொரு அரை மணி சேருங்கள். நான்கு மணி நேரம். குளிர்காலத்தில் போகும்போது எதிர்க்காற்றால் கொஞ்சம் கூடும், வரும்போது குறையும்.

டிக்கெட் மணியை அப்படியே கழிப்பது

புறப்பாடு இந்திய நேரம், சேர்வது துபாய் நேரம்; அது நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். காலை 10.00க்குக் கிளம்பி 12.30க்கு இறங்கினால், கழித்து வரும் இரண்டரை மணியோடு ஒன்றரை மணி கூட்ட வேண்டும். திரும்பும்போது கழிக்க வேண்டும்.

நடுராத்திரித் தேதி

எத்தனை சொன்னாலும் ஓயாத தவறு இது. டிக்கெட்டில் ‘15ஆம் தேதி 00.40’ என்றிருக்கும். ஏஜென்ட் வாட்ஸப்பில் ‘15 நைட் 12.40’ என்று தட்டிவிடுவார். எரிச்சல் வருவது அந்த ‘நைட்’டைப் பார்த்துத்தான். குழித்துறைப் பையன் ஒருவன் 15ஆம் தேதி சாயங்காலம் குலசாமியைக் கும்பிட்டு, சொந்தக்காரர்களோடு வேன் பிடித்து, ராத்திரி ஒன்பதரைக்கு ஏர்போர்ட் வாசலில் இறங்கினான். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத் தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். ஏறாதவருக்குக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. ஒரே பிஎன்ஆரில் திரும்பும் டிக்கெட்டும் இருந்தால் பல கம்பெனிகள் அதையும் சேர்த்து ரத்து செய்துவிடும்.

பின்னோக்கி எண்ணுங்கள். 00.40க்கு மூன்று மணி நேரம் முன், அதாவது 14ஆம் தேதி ராத்திரி 9.40க்கு ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலுக்கும் சேர்த்து ரோட்டுக்கு இரண்டு மணி நேரம். ஆக 14ஆம் தேதி ஏழரைக்கு வீட்டைவிட்டு இறங்க வேண்டும். வேன்காரரிடம் ‘14, சாயங்காலம் ஏழரை’ என்று மட்டும் சொல்லுங்கள், விமான நேரத்தைச் சொல்லாதீர்கள்.

வரவேற்கப் போகிறவர்களுக்கும் இதே வம்பு உண்டு. துபாயில் 29ஆம் தேதி ராத்திரி 10.00க்கு ஏறினால் இங்கே இறங்குவது 30ஆம் தேதி விடியற்காலை மூன்றரைக்கு. சேரும் நேரத்தின் பக்கத்தில் ‘+1’ என்று பொடி எழுத்தில் இருக்கும்.

ஆறாட்டு நாள்

பங்குனி, ஐப்பசி ஆறாட்டுகளில், அதாவது சாமியை நீராட்டும் நாட்களில், பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். சாயங்காலம் சில மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. நேரம் மாற்றி வரும் குறுஞ்செய்தியைப் படியுங்கள்.

டெர்மினல்

பன்னாட்டு டெர்மினல் சாக்கை பக்கம். சங்குமுகத்தில் போய் இறங்காதீர்கள்.