சாக்கடைத் தண்ணீர் பாயும் காய்கறிக் கொல்லை: மண்ணில் சேரும் உலோகத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். மூடிய பிறகு, டெல்டாவில் நகரங்களை ஒட்டிய பல வாய்க்கால்களில் கோடை முழுக்க ஓடுவது ஊர்க் கழிவுநீர்தான். அதில் தழைச்சத்து தாராளம் என்பதால் கீரை தளதளவென்று வரும். கூடவே பாத்திரப் பட்டறை, முலாம் பூசும் இடம், பேட்டரிக் கடை, ஒர்க்‌ஷாப் என்று எங்கெங்கோ கழுவிவிட்ட காட்மியம், காரீயம், நிக்கல், குரோமியமும் வந்து சேரலாம்.

இவை மக்காது, ஆவியாகாது. ஆகவே நம் கையில் இருக்கும் வேலை இரண்டு: இனிமேல் சேராமல் தடுப்பது, சேர்ந்ததை வேர் எடுக்காதபடி மண்ணிலேயே கட்டிப்போடுவது. கடுகும் சூரியகாந்தியும் நட்டால் உலோகத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்று வரும் வீடியோக்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உறிஞ்சுவது உண்மை. ஆனால் பல வருடம் பிடிக்கும், அறுத்த தழையை மாட்டுக்கும் போட முடியாது, எருக்குழியிலும் கொட்ட முடியாது.

படி 1: மண் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள்

கொல்லையில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடம் குறியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். துத்தநாகம் பூசிய மண்வெட்டியோ தகர வாளியோ கூடாது, அதிலிருந்தே உலோகம் ஒட்டும். மூங்கில் சிராய், பிளாஸ்டிக் வாளி போதும். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்புங்கள். வாய்க்கால் தலைப்பில், தண்ணீர் நுழையும் இடத்து மண்ணைத் தனியாக எடுப்பது நல்லது. பெரும்பாலும் அங்கேதான் அதிகம் படிந்திருக்கும்.

சாதாரண மண் பரிசோதனையில் காட்மியமும் காரீயமும் வராது, தனியாகக் கேட்க வேண்டும். எங்கே செய்வார்கள் என்பதைத் தஞ்சை காட்டுத்தோட்டத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம்.

படி 2: தண்ணீரை மாற்றுங்கள், முடியாவிட்டால் தெளிய வையுங்கள்

என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். தண்ணீரை அப்படியே பாயவிட்டுக்கொண்டு மண்ணைத் திருத்துவது வீண் செலவு.

ஒரு பாட்டிலில் வாய்க்கால் தண்ணீரைப் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் கறுப்பாக ஒரு படிவு நிற்கும். உலோகத்தில் பெரும்பகுதி இந்தப் பொடி வண்டலில்தான் ஒட்டியிருக்கும். ஆகவே ஒருநாள் பாசனத்துக்குப் போதுமான குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீரைத் தேக்கி, மறுநாள் மேல்தண்ணீரை மட்டும் இறைத்தாலே சுமை நன்றாகக் குறையும். அடி வண்டலை எருவென்று நினைத்துக் கொல்லையில் போட்டுவிடாதீர்கள். சாக்கடை கலக்கும் குளத்து வண்டலுக்கும் இதே கதைதான், இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கரைந்திருப்பது இதில் தெளியாது, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால்தான் தெரியும். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் பாசனத்துக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு லிட்டருக்குக் காட்மியம் 0.01 மி.கி., குரோமியம் 0.1, நிக்கல் 0.2. இதைத் தாண்டினால் போர் தண்ணீருக்கு மாறுங்கள்.

படி 3: பி.எச். பார்த்துச் சுண்ணாம்பு

மண் புளித்திருந்தால் காட்மியம், நிக்கல், காரீயம் கரைந்து வேருக்குப் போகும். பி.எச். (மண்ணின் புளிப்பு, காரத்தைக் காட்டும் எண்) 6.5-க்கு மேல் ஏறினால் அடங்கும். வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணில் பி.எச். குறைவாக இருந்தால் குழிக்கு (நில அளவுக் குழி, 144 சதுர அடி) இரண்டரைக் கிலோ விவசாயச் சுண்ணாம்பில் தொடங்கலாம். ஆற்று வண்டல் மண்ணில் பி.எச். ஏழைத் தாண்டியிருந்தால் சுண்ணாம்பு தேவையே இல்லை. ஜிப்சம் இதற்கு மாற்றல்ல, அது பி.எச்.சை ஏற்றாது.

படி 4: எருவும் உமிக்கரியும்

மக்கிய தொழு எரு குழிக்கு 33 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 10 டன். உலோகத்தைப் பிடித்துவைப்பதோடு, விஷம் மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சாதுவான மூன்று இணைதிறன் வடிவமாகவும் மாற்ற உதவும். சுண்ணாம்பால் அது ஆகாது.

ரைஸ்மில் உமியைக் குவித்து மூட்டம் போடுங்கள். மேலெல்லாம் கறுத்து, வெள்ளைச் சாம்பலாவதற்கு முன் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். மேல் மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கு என்றால் குழிக்கு 26 கிலோ ஆகும். எருவோடு கலந்து ஊறவைத்துப் போடுங்கள். செலவு பிடிக்கும் வேலை, முதலில் நாலைந்து குழியில் செய்து பாருங்கள்.

படி 5: பயிரை மாற்றுங்கள்

அதிகம் இழுப்பது கீரை வகை. அடுத்து முள்ளங்கி, பீட்ரூட். அவரை, கொத்தவரை, காராமணி, பூசணி, புடலையில் காய்க்குப் போய்ச் சேருவது குறைவு. சோதனையில் அளவு மிக அதிகமென்றால் சாப்பாட்டுப் பயிரே வேண்டாம், கனகாம்பரமோ சாமந்தியோ போடலாம்.

கீரைதான் போட வேண்டுமென்றால் விற்பதற்கு முன் கீரையையே சோதனைக்குக் கொடுங்கள். சர்வதேச உணவுத் தர விதிகளான கோடெக்ஸின் வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 0.2 மி.கி., காரீயம் 0.3 மி.கி. உப்புத் தண்ணீரில் அலசினால் இலைமேல் படிந்த தூசுதான் போகும், உள்ளே ஏறியது போகாது.

அடுத்த கோடையில் அதே இடங்களில் மண்ணெடுத்து மறுபடி அனுப்புங்கள். மொத்த உலோக அளவு குறைந்திருக்காது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். 'டி.டி.பி.ஏ.' முறையில் வரும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வேர் எடுக்கக்கூடிய பங்கை ஓரளவு காட்டுவது அதுதான். எருவும் கரியும் வேலை செய்திருந்தால் அந்த எண் இறங்கியிருக்கும்.