பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்: தஞ்சாவூரில் பலரும் செய்யும் தவறுகள்

தஞ்சாவூருக்கு வருகிறவர்களில் பலர் பெரிய கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சோழர் ஊரைப் பார்த்தாயிற்று என்று வண்டி ஏறிவிடுகிறார்கள். தமிழும் தெலுங்கும் மராத்தியும் சேர்ந்து இசை வளர்த்த ஊர் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

கோயிலுக்குள்ளேயே தவறு தொடங்குகிறது. 1010-இல் முடிந்த விமானத்தைப் பார்த்த கையோடு, அங்கிருப்பதையெல்லாம் ராஜராஜன் கணக்கில் எழுதிவிடுகிறோம். பெரிய நந்தியும், நுணுக்க வேலைப்பாடுள்ள முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்று மாளிகையின் தென்மேற்குப் பக்கத்தில், 1803-இல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி வெட்டுவித்த நீண்ட மராத்திக் கல்வெட்டு அவருடைய போன்ஸ்லே குல வரலாற்றைச் சொல்கிறது. நின்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆடல் மகளிர் 400 பேருக்குத் தலைக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் ராஜராஜன் ஒதுக்கியதைப் பேர்பேராகச் சொல்லும் கல்வெட்டும் இங்கேதான் இருக்கிறது. கரணங்கள் எனப்படும் 108 நடன நிலைகளில் 81 செதுக்கப்பட்ட விமானத்தின் மேல்தளம் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. காட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நேரமும் முக்கியம். நண்பகல் 12.30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். வெயில் ஏறியபின் வெறுங்காலோடு கோயிலின் கல்தரையில் நிற்க முடியாது, குழந்தைகள் அழுதேவிடும். காலை 6 மணிக்கே போய்விடுங்கள்.

அரண்மனையைப் புதன்கிழமை வைத்துக்கொள்ளாதீர்கள். அங்குள்ள சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. வளாகத்தில் பகுதிக்குப் பகுதி தனிச் சீட்டு என்பதால் சில்லறை வைத்திருங்கள்.

அரண்மனையிலிருந்து நேரே பேருந்து நிலையம் போவதுதான் பெரிய இழப்பு. மேலவீதிக்கு நடந்து போங்கள். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள் பூசை செய்த பங்காரு காமாட்சி கோயில் அங்கே இருக்கிறது. பரதநாட்டியத்தை முறைப்படுத்திய சகோதரர்களான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் வாழ்ந்ததும் அந்த வீதியில்தான். வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர்களில் வடிவேலுவும் ஒருவர். சரபோஜியை வளர்த்து ஆளாக்கிய ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸின் 1779-ஆம் ஆண்டு தேவாலயம் சிவகங்கைப் பூங்காவில் இருக்கிறது. அவருடைய மரணப் படுக்கையருகே சரபோஜி நிற்கும் பளிங்குச் சிற்பம் அதற்குள் உண்டு.

வீணைப் பட்டறைக்குப் போனால் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். பலா மரத்தில் குடைந்த தண்டி என்ற நீண்ட பகுதியின்மேல், சுரத்துக்கு விரல் வைக்கும் உலோகக் கட்டைகளான 24 மெட்டுகளையும் மெழுகில்தான் பதிக்கிறார்கள். மேளம் கட்டுவது எனப்படும் இந்த வேலையை முடித்து மெழுகு இறுகுவதற்குள் ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுருதி போய்விடும். கலைஞரின் உழைப்பும் வீண். சுருதி பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுப்பதும் தவறு.

தியாகராஜர் சமாதி இருக்கும் திருவையாறு இங்கிருந்து 13 கி.மீ. அங்கே நடக்கும் தியாகராஜர் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளில், பெரும்பாலும் ஜனவரியில் வரும். ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பஞ்சாங்கம் பார்க்காமல் அறை பதிவு செய்யாதீர்கள். அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் காலையிலேயே பாடிவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் வந்து இடம் தேடிப் பயனில்லை. அமைதியாகக் காவிரிக் கரையில் உட்கார வேண்டுமென்றால் வேறு நாளில் வாருங்கள். எந்த நாளில் வந்தாலும், தியாகராஜர் சமாதியைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பாதீர்கள். தம் சொத்தைச் செலவிட்டு அந்தச் சன்னதியைக் கட்டி, பெண்களும் அங்கே பாடும் உரிமைக்காகப் போராடிய பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிரிலேயே அடங்கியிருக்கிறார்.